தேதி தாண்டிய கர்ப்பம்: வாசகர் கேள்வி - பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: சொன்ன தேதி போய்விட்டது, வலி வரவில்லை, மருத்துவமனையில் ‘வலி வரவைக்கலாம்’ என்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, மகப்பேறு மருத்துவர்கள் இங்கே பதில் தருகிறார்கள்.

எனக்குத் தலைப்பிரசவம். முதல் ஐந்து மாதம் ஓசூரில் மாமியார் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபின் இங்கே எடுத்த ஸ்கேனில் 12 நாள் தள்ளி வேறு தேதி வந்திருக்கிறது. பழைய தேதிப்படி 4 நாள் தாண்டிவிட்டது. புதுத் தேதிப்படி இன்னும் 8 நாள் இருக்கிறது. எதை நம்புவது?
*- பாலக்கோடு வாசகி*

பழைய தேதியை.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாளும் 9 மாதமும் கூட்டினால் வருவது பிரசவத் தேதி. ஜூன் 1-ல் விலக்கானவருக்கு மார்ச் 8. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். இந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக விலக்காகிறவருக்குத்தான் சரி. 35 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கரு உருவானதே ஒரு வாரம் தாமதமாகத்தான். ‘தேதி தாண்டிவிட்டது’ என்று பதறி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் தாண்டியிருக்காது.

அதனால்தான் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேன் முக்கியம். அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை அளந்தால் வயது ஒரு வாரத்துக்குள் சரியாக வந்துவிடும். மாதவிலக்குத் தேதிக்கும் இந்த ஸ்கேனுக்கும் 7 நாளுக்குள் வித்தியாசம் என்றால் மாதவிலக்குத் தேதியே நிற்கும். அதைவிட அதிகம் என்றால் ஸ்கேன் தேதி. அதன்பின் எந்த ஸ்கேன் என்ன சொன்னாலும் தேதியை மாற்றக் கூடாது.

எட்டு, ஒன்பதாம் மாத ஸ்கேனில் இயந்திரம் தலை, வயிறு, தொடையெலும்பு அளவை வைத்து ‘இந்த அளவுள்ள குழந்தைக்கு இத்தனை வாரம் இருக்கும்’ என்று சராசரியைச் சொல்கிறது. மூன்று வாரம் வரை கூடக்குறைய வரலாம். உங்கள் குழந்தை இயல்பிலேயே சிறுகூடாக இருக்கலாம். இல்லை, வளர்ச்சி குன்றியும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்து, அதைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போட்டால், உடனே கவனிக்க வேண்டிய குழந்தையை ‘இன்னும் நாள் இருக்கு’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும். ஆகவே இந்த 12 நாள் வித்தியாசத்தை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்: தேதி தவறா, எடை குறைவா?

ஓசூரில் எடுத்த முதல் ஸ்கேன் தாளைக் கையில் வைத்திருங்கள். தாள் அங்கேயே தங்கிவிட்டதென்றால் செல்போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாய்-சேய் அட்டையும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் ஆர்.சி.எச். எண்ணும் இருந்தால் இரு ஊர்ப் பதிவையும் சேர்த்துப் பார்க்க முடியும். புகுந்த வீட்டில் பாதி, பிறந்த வீட்டில் பாதி என்று பார்க்கிற பெண்களுக்குத்தான் இந்த ‘இரண்டு தேதி’ சிக்கல் அதிகம்.

40 வாரம் 5 நாள் ஆகிறது. குழந்தை நன்றாக அசைகிறது. எனக்கு சர்க்கரை, பிரஷர் ஏதுமில்லை. 41 முடிந்ததும் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். தானாக வலி வரும்வரை இருந்தால் என்ன? வலி வரவைத்தால் கடைசியில் ஆபரேஷன்தான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.
*- ஓசூர் வாசகி*

உங்கள் மருத்துவர் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைதான்: சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 41 வாரம் முடிந்தால் வலி வரவைக்கலாம், அதற்கு முன் தேவையில்லை.

41-க்குப் பின் என்ன நடக்கிறது? நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் சிலருக்குக் குறையத் தொடங்குகிறது. குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீர் குறையும், அதனால் பனிக்குட நீரும் வற்றும். நீர் வற்றினால் தொப்புள்கொடி அழுந்தும். குழந்தை உள்ளேயே மலம் கழித்து, அதை மூச்சில் இழுத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். ஒவ்வொருவருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனையும் இல்லை. சுவீடனில் 2,760 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 41 வாரத்திலும் மற்றதற்கு 42 வரை காத்திருந்தும் வலி வரவைத்துப் பார்த்தார்கள். காத்திருந்த பிரிவில் 6 குழந்தைகள் இறந்தன. 41 பிரிவில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2019-ல் வெளியானது. சிசேரியன் விகிதத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

‘வலி வரவைத்தால் ஆபரேஷன்தான்’ என்ற பேச்சு எப்படி வந்தது? தானாக வலி வந்து சேர்கிறவரையும் வரவைக்கப்படுகிறவரையும் ஒப்பிடுகிறோம். முதலாமவருக்குக் கர்ப்பப்பை வாய் ஏற்கெனவே பக்குவமாகிவிட்டது. ஒப்பிட வேண்டியது, வரவைக்கப்படுகிறவரையும் அதே நாளில் காத்திருக்க முடிவு செய்தவரையும். அப்படிப் பார்த்த ஆய்வுகளில் சிசேரியன் கூடவில்லை, சிலவற்றில் சற்றுக் குறைந்தே இருக்கிறது.

இன்னொரு செய்தி. லண்டனில் லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தபோது, தெற்காசியப் பெண்களுக்குப் பிரசவம் ஆகும் நடுவாரம் 39, வெள்ளையர்களுக்கு 40 என்று வந்தது. நம் பெண்களை 42 வரை விடத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஓரிரு நாளுக்குச் செய்ய வேண்டியது: குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் என்.எஸ்.டி.யும், நீர் அளவு ஸ்கேனும். நீரின் ஆழமான இடம் 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 41 வரை காத்திருக்க மாட்டார்கள். சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவை எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 வராவிட்டால், இரவானாலும் கிளம்புங்கள். காலையில் ‘அசைவு கம்மியா இருக்கே’ என்று தோன்றி, மாலைவரை பார்ப்போம் என்று விட்டுவிடுவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது.

மூத்த மகளுக்கு 41-வது வாரத்தில் மூன்று தடவை ஜெல் வைத்தார்கள், ட்ரிப்ஸ் போட்டார்கள். ‘இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை’ என்று ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு ஒரே ஜெல்லில் ஆறு மணி நேரத்தில் குழந்தை. ஒரே மருந்துதானே, ஏன் இப்படி? இளையவளும் இப்போது மாசமாக இருக்கிறாள்.
*- அரூர் வாசகி*

மருந்து ஒன்றுதான், அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு அது இரண்டாவது பிரசவமா என்று விசாரித்தீர்களா? ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவருக்கு வலி வரவைத்தல் பலிக்கும் வாய்ப்பு மிக அதிகம். வேறு எந்தக் காரணமும் இதற்கு ஈடில்லை.

அடுத்தது கர்ப்பப்பை வாயின் நிலை. ஜெல் வைக்குமுன் கைவிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஐந்து விஷயம் பார்ப்பார்கள். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது: மூடியிருந்தால் 0, 1-2 செ.மீ. 1, 3-4 செ.மீ. 2, 5-க்கு மேல் 3. எவ்வளவு மெலிந்து சுருங்கியிருக்கிறது: 0 முதல் 3. குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது: 0 முதல் 3. தொட்டால் எப்படி இருக்கிறது: மூக்கு நுனி மாதிரி விறைப்பாக இருந்தால் 0, உதடு மாதிரி மெத்தென்றிருந்தால் 2. வாய் பின்பக்கம் பார்க்கிறதா, முன்பக்கமா: 0 முதல் 2. மொத்தம் 13. ஆறுக்குக் கீழே என்றால் இன்னும் பக்குவமாகவில்லை, முதலில் அதைப் பக்குவப்படுத்த வேண்டும். எட்டுக்கு மேல் என்றால் தானாக வலி வந்தவருக்கு ஆகிற மாதிரியே ஆகும்.

உங்கள் மகளுக்கு 2 அல்லது 3 மதிப்பெண்ணில் தொடங்கியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஜெல் 6 மணி நேரத்துக்கு ஒன்று. மூன்று ஜெல் என்றாலே முதல் 18 மணி நேரம் வாயைப் பக்குவப்படுத்துவதிலேயே போய்விடும். கடைசி ஜெல்லுக்குப் பின் 6 மணி நேரம் விட்டுத்தான் ட்ரிப்ஸ், அதுவும் இந்த 18-ல் அடக்கம். ஆக, முக்கால் நாள் போனபின்தான் அசல் வலியே ஆரம்பம். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்துக்கு ‘ஒரு நாளா வலிக்குது, ஒண்ணும் ஆகலை’ என்று தோன்றும்.

இங்கேதான் நேரம் ஒரு காரணமாக வருகிறது. 5 செ.மீ. திறக்கும்வரையிலான முதல் கட்டம் தலைப்பிரசவத்தில், அதுவும் வரவைத்த வலியில், 24 மணி நேரத்தைத் தாண்டலாம். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் அது தோல்வி ஆகாது. பனிக்குடம் உடைந்தபின் அல்லது உடைத்தபின் 12 முதல் 18 மணி நேரம் ஆக்ஸிடோசின் (ட்ரிப்ஸில் ஏற்றும் வலி மருந்து) ஏற்றியும் 5, 6 செ.மீ.க்கு வராவிட்டால்தான் ‘பலிக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். ‘இரண்டு விரல்’ என்பது ஏறக்குறைய 3 செ.மீ. அந்த நிலையில், எத்தனை மணி நேரத்தில், பனிக்குடம் உடைத்தார்களா, துடிப்பு எப்படி இருந்தது என்பதை அறியாமல் அந்த ஆபரேஷன் அவசரமா அவசியமா என்று நாங்கள் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் தாளில் காரணம் எழுதியிருக்கும். ‘குழந்தையின் துடிப்பு குறைந்தது’ என்றிருந்தால் அது வேறு கதை. அங்கே மருந்து பலிக்காமல் போகவில்லை. தேதி தாண்டி நீர் வற்றிய குழந்தைக்கு வலியைத் தாங்கும் தெம்பு இல்லை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறோம். உடல் எடை அதிகமுள்ள பெண்ணுக்கு அதிக மருந்து வேண்டும், அதிக நேரமும் ஆகும். 145 செ.மீ.க்குக் குறைந்த உயரம், 35-க்கு மேற்பட்ட வயது, பெரிய குழந்தை ஆகியவை வாய்ப்பைக் குறைக்கும். குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகெலும்புப் பக்கம் இருந்தால் தலை மெதுவாகத்தான் இறங்கும். கழுத்தில் கொடி சுற்றியிருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். அது நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்கு இருப்பது. அதற்காக மட்டும் வலி வரவைக்காமல் விடுவதுமில்லை, ஆபரேஷன் செய்வதுமில்லை.

இளையவளுக்கு என்ன ஆகும் என்பதை அக்காவை வைத்துக் கணிக்க வேண்டாம். அவளுடைய எடை, ரத்த அளவு, முதல் ஸ்கேன் தேதி மூன்றையும் இப்போதே சரியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மனைவிக்கு ஜெல் வைக்காமல் ஒரு ட்யூபை உள்ளே விட்டுத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். இது என்ன முறை? மாத்திரை, ஜெல், ட்யூப் எது நல்லது?
*- பென்னாகரம் வாசகர்*

அது ஃபோலே கதீட்டர். சிறுநீர் போக வைப்பார்களே, அதே ட்யூப்தான். நுனியில் உள்ள பலூனைக் கர்ப்பப்பை வாய்க்கு மேலே நிறுத்தி 30 முதல் 60 மி.லி. சுத்திகரித்த நீர் நிரப்புவார்கள். லேசான இழுவையோடு தொடையில் ஒட்டுவார்கள். பலூன் அழுத்த அழுத்த வாய் விரியும். 3 செ.மீ. ஆனதும் தானாக நழுவி விழும். பெரும்பாலும் 12 மணி நேரத்தில். விழுந்ததும் ‘என்னமோ கழன்று வந்துவிட்டது’ என்று பதற வேண்டாம். வாய் திறந்துவிட்டது என்று பொருள். வலியை மிதமிஞ்சிக் கிளப்பாது, விலையும் குறைவு, குளிர்ப்பெட்டியும் வேண்டாம். நஞ்சு கீழே இறங்கியிருப்பவருக்குக் கூடாது.

ஜெல்லில் இருப்பது 0.5 மி.கி. டைனோப்ரோஸ்டோன். 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். மின்தடையில் சூடேறிய ஜெல் வேலை செய்யாது. வைத்தபின் அரை மணி நேரம் எழாமல் படுத்திருக்க வேண்டும். உடனே எழுந்து கழிவறைக்குப் போனால் மருந்து வெளியே வந்துவிடும்.

மிசோப்ரோஸ்டால் மாத்திரை விலை குறைவு, வேகமும் உண்டு. வாய்வழி என்றால் 25 மைக்ரோகிராம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறப்புறுப்பில் வைத்தால் 6 மணிக்கு ஒருமுறை. கடையில் கிடைக்கும் 200 மைக்ரோகிராம் மாத்திரையைப் பிளேடால் எட்டாக நறுக்கினால் ஒரு துண்டில் 15 இருக்கும், இன்னொன்றில் 40 இருக்கும். 25 மாத்திரையாகவே கிடைக்கிறது. அது இல்லையென்றால் 200-ஐ 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் கலக்கி 25 மி.லி. கொடுப்பதே சரியான அளவு. நாக்பூரில் ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகள் 602 பேரிடம் மாத்திரையையும் பலூனையும் ஒப்பிட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது மாத்திரையில் 100-க்கு 57, பலூனில் 47. இரண்டும் பாதுகாப்பாகவே இருந்தன.

எந்த முறையாக இருந்தாலும் அடுத்த கட்டம் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ். 500 மி.லி.யில் 5 யூனிட் கலந்தால், மணிக்கு 6 முதல் 12 மி.லி.யில் தொடங்குவார்கள். மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில் அது நிமிடத்துக்கு 2 முதல் 4 சொட்டு. அரை மணிக்கு ஒருமுறை கூட்டி, 10 நிமிடத்தில் 3, 4 வலி, ஒவ்வொன்றும் 40 நொடிக்கு மேல் என்ற நிலையில் நிறுத்துவார்கள். ‘சீக்கிரம் முடியட்டுமே’ என்று கூட இருப்பவர் சக்கரத்தைத் திருகிவிடுவது நடக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள். 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் போனால் குழந்தைக்கு ரத்தம் போக இடைவெளியே இல்லை. அப்போது ட்ரிப்ஸை நிறுத்தி, இடப்பக்கம் படுக்க வைத்து, தேவைப்பட்டால் கர்ப்பப்பையைத் தளர்த்தும் ஊசி போடுவார்கள். குழந்தை பிறக்குமுன் ஆக்ஸிடோசினை இடுப்பிலோ கையிலோ ஊசியாகப் போடுவது அறவே கூடாது. உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. எந்த ஊரில் யார் ‘வலி ஊசி’ போட வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

முதல் குழந்தை சிசேரியன். இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது தேதி இன்றோடு முடிகிறது. வலி வரவைத்து சுகப்பிரசவம் ஆக முடியுமா?
*- தேன்கனிக்கோட்டை வாசகி*

முடியும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. பயம் பழைய தையல் விடுவதைப் பற்றி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 20,000-க்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்த 2001-ம் ஆண்டு ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5 பேருக்கும், ஜெல்-மாத்திரை வகை இல்லாமல் வரவைத்தவர்களில் 8 பேருக்கும், அந்த வகை மருந்து தந்தவர்களில் 25 பேருக்கும் தையல் விட்டது. ஆகவே மிசோப்ரோஸ்டால் உங்களுக்கு ஆகாது. பலூனும், அளந்து ஏற்றும் ஆக்ஸிடோசினுமே வழி.

முதல் ஆபரேஷனில் வெட்டு குறுக்கே போட்டதா, ஏன் ஆபரேஷன் ஆனது என்பது தெரிய வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் தாள் இல்லாமல் யாரும் துணிய மாட்டார்கள். 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்த வங்கி மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அரசுத் தரப்பில் கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். கர்ப்பப்பை வாய் பக்குவமாகவில்லை, குழந்தையும் பெரிது என்றால் திட்டமிட்டு மறுபடி ஆபரேஷன் செய்வதே எங்கள் யோசனை.

மருமகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? சீரகக் கஷாயம் குடித்தால் பொய் வலி நின்றுவிடும் என்பது உண்மையா?
*- போச்சம்பள்ளி வாசகி*

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, உடம்பில் நீர் வற்றித் தளர்ந்துபோய் மருத்துவமனைக்கு வருவார். கஷாயம் குடிக்கட்டும், கெடுதலில்லை. ஆனால் அதை வைத்து வலியை முடிவு செய்யாதீர்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, முதுகிலிருந்து முன்னால் வந்து, நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போனால் அது பிரசவ வலி. நடப்பது நல்லது, அதனால் வலி வரும் என்பதற்குச் சான்றில்லை.

பலன் தருகிற ஒரு எளிய வழி மருத்துவரிடம் இருக்கிறது. 39, 40 வாரத்தில் கைவிட்டுப் பார்க்கும்போது விரலைச் சுழற்றிப் பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பைச் சுவரிலிருந்து சற்றுப் பிரித்துவிடுவார்கள். வலிக்கும், அன்று லேசாக ரத்தக்கறை படும். மருந்து வைக்க வேண்டிய தேவை சிலருக்கு இதனாலேயே தவிர்ந்துவிடும். கேட்டுச் செய்துகொள்ளலாம்.

ஜோசியர் குறித்த நாள் 38-வது வாரத்தில் வருகிறது. அன்றே வலி வரவைக்க முடியுமா?
*- காவேரிப்பட்டணம் வாசகர்*

வேண்டாம். 39 வாரத்துக்கு முன் காரணமில்லாமல் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல், பால் குடிக்கத் தெம்பின்மை, மஞ்சள் காமாலை எல்லாம் கூடும். கர்ப்பப்பை வாயும் அப்போது பக்குவமாக இருக்காது. ஜெல் இன்று வைத்தால் குழந்தை நாளை பிறக்குமா, மறுநாளா என்று எங்களாலேயே சொல்ல முடியாதபோது, முகூர்த்தம் எப்படி வாய்க்கும்?

சித்தேரி மலையில் இருக்கிறோம். தேதி தாண்டினால் எப்போது கீழே இறங்க வேண்டும்?
*- சித்தேரிப் பகுதி வாசகர்*

தாண்டும்வரை இருக்காதீர்கள். தேதிக்கு ஒரு வாரம் முன்பே இறங்கி அரூரிலோ தர்மபுரியிலோ உறவினர் வீட்டில் தங்குங்கள். மலைப்பகுதிகளில் சில அரசு சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வண்டிக்கு 108. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமானாலும் ஆபரேஷனானாலும் செலவில்லை.

கொண்டுவர வேண்டியவை: தாய்-சேய் அட்டை, முதல் ஸ்கேன் தாள், ரத்தப் பிரிவும் சமீபத்திய ஹீமோகுளோபின் அளவும் எழுதிய தாள், ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேர். நீண்ட நேரம் வலி வரவைத்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்க மறந்து ரத்தம் போகலாம். 7 கிராம் ஹீமோகுளோபினோடு வந்தவருக்கு அது தாங்காது. நீர் உடைந்தால், பச்சையாக நீர் வந்தால், ரத்தம் பட்டால், அசைவு குறைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். நீர் உடைந்தபின் வண்டியில் உட்கார வைக்காமல் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். தலை இறங்காமல் இருந்தால் கொடி முன்னால் நழுவி வந்துவிடும்.